ஓரத்தில் முளைத்த ஊதா

"ரெண்டு வாரமா கல்லு மாதிரி இருந்த உங்க ரொட்டி, இன்னைக்கு எப்படி சார் பஞ்சாட்டம்?" ஆய்வக வாசலில் நின்று மென்றபடியே கேட்டாள் டெக்னீஷியன்.

"எல்லாம் சரியான சூடும்மா. அது அமைஞ்சா மாவு தானா உப்பும்." பெருமையில் பூரித்த தலைமை டாக்டர், உள்ளே மேஜையைப் பார்த்ததும் முகம் சுண்டினார்.

நோயாளிகளின் மாதிரிகளைத் தடவி வைத்த மூன்று தட்டுகள். மூன்றிலும் ஊதாப் புள்ளிகள்.

பயப்பட வேண்டிய நிறம்தான். தட்டில் உறைந்திருக்கும் கூழில் நிறத்தை ஒளித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஈஸ்ட்டும் தனக்கு ஏற்றதைக் கடித்து உடைக்க, அதற்குரிய நிறம் வெளியே வரும். ஒன்று பச்சை, இன்னொன்று நீலம். ஊதா என்றால், வழக்கமான மருந்துக்கு மசியாத நோய் ரகமாக இருக்கலாம்.

"மூணு நோயாளிக்கும் ஒரே கிருமியா? வார்டை மூடணும்! நீதானே மூணையும் தடவினே? விளக்கம் எழுதிக் குடு. உன்னை நிரந்தரமாக்கற ஃபைல் என் மேஜையிலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ."

அவள் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, நான்காவது தட்டை நீட்டினாள்.

"இது எதையுமே தடவாத தட்டு, சார். ஒவ்வொரு தடவையும் காவலுக்கு ஒண்ணு வைப்போம். இதுலயும் ஊதா. ஆளே இல்லாத தட்டுக்கு எப்படி சார் காய்ச்சல் வரும்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் கோடு இழுத்தது நடுவுல. முளைச்சது பூரா ஓரத்துல, மூடியைத் தூக்கற பக்கம். மைக்ராஸ்கோப்ல பாத்தேன், செல்லு பெரிசு பெரிசா இருக்கு. நிறம்தான் அதே, இது வேற ஏதோ சாதுவான ஈஸ்ட்டு. யாரோ அதைக் கையில ஒட்டிக்கிட்டு வந்து திறந்து பாத்திருக்காங்க."

"யாரது? ஆர்வம் தாங்காம நான்கூடத்தான் தினம் திறந்து பாக்கறேன், நான் என்ன அழுக்குக் கையோடயா வரேன்? ஆளைக் கண்டுபிடி. சும்மா விடமாட்டேன்!"

அவள் கையிலிருந்த மிச்ச ரொட்டியை ஒருமுறை பார்த்தாள். பிறகு தட்டுகளை இரவும் பகலும் வெதுவெதுப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டரைத் திறந்து, கடைசி அடுக்கில் இருந்த பாட்டில்களை நகர்த்தினாள்.

பின்னால், ஈரத்துணி போர்த்திய ஒரு மாவுக் கிண்ணம். துணி குன்று போல எழும்பி நின்றது.

அவள் மிகப் பணிவாகத் திரும்பினாள்.

"சார், நாளைக்கு ரொட்டிக்கு இது போதுமா, இன்னும் கொஞ்சம் உப்பணுமா?"