பின்தங்கிய ஊருக்கான நிதி

மிளகாய்க்குக் குளிர்கிடங்கு கட்ட எந்த அரசு நிதி தோதாக இருக்கும் என்று கேட்கத்தான் மைமூன் கணவரோடு தொழில் மைய அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஆட்கள் யாரும் இல்லை. சுவரில் இருந்த திரைதான் பேசியது.

"பின்தங்கிய ஊர்களுக்கான நிதி உங்களுக்குப் பொருந்தும். பாதிச் செலவை அரசு ஏற்கும். ஆனால் நிதி முடியும்வரை ஊர் பின்தங்கியே இருக்க வேண்டும். ஆகவே, உங்கள் ஊருக்கு வரவேண்டிய ஆஸ்பத்திரி மேலும் தள்ளிவைக்கப்படும். சம்மதமா?"

"மேலும்னா? முன்னாடி யாரு தள்ளிவச்சது?" மைமூனின் குரல் உயர்ந்தது.

"உங்கள் ஊர் எண்ணெய் மில்லுக்கு இதே நிதி வழங்கப்பட்டது. உரிமையாளர் சம்மதித்திருக்கிறார்."

ஊரில் இருந்த ஒரே எண்ணெய் மில் அவள் கணவர் காசிமுடையது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லா ஊர்லயும் சம்மதிக்கிறாங்க, மைமூன். நான் இல்லேன்னா வேற ஒருத்தன்..."

மைமூன் அவர் பக்கம் திரும்பினாள்.

"பிரசவ வலியோட என் தங்கச்சியை டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோமே, ஆம்புலன்ஸ்லயே மவுத்தாகிப் போனாளே! மெதுவா ஓட்டுனான்னு டிரைவர் சட்டையைப் பிடிச்சு அடிச்சீங்களே, மச்சான்!"



"சம்மதமில்ல!" என்று திரையைப் பார்த்துக் கத்திவிட்டு, வாசலில் நின்ற அவருடைய காரில் ஏறாமல் மைமூன் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.