அக்காவுக்குப் பண்ணதே எனக்கும்

"அண்ணி ஸ்லீவை மாத்திட்டு பைபாஸ் பண்ணிக்கப் போறாங்களாம்."

மகேஷ் சொன்னதும் சந்திரிகாவின் சட்னிக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"எதுக்காம்?"

"ஸ்லீவை விட அதுதான் நல்லதுன்னு தோணிச்சாம்."

"தோணும், தோணும். ஒரு தடவை இளைச்சது பத்தலை போல."

மகேஷும் அண்ணன் கணேசமூர்த்தியும் தி.நகரில் ஜவுளிக் கடை நடத்துகிறார்கள். வீடு ராஜா அண்ணாமலைபுரத்தில். மாடியில் அண்ணன் குடும்பம், கீழே தம்பி குடும்பம். கடைக்குப் புதுச் சரக்கு வந்தால் இரண்டு மருமகள்களுக்கும் ஒரே மாதிரிப் புடவை எடுத்துவைப்பது மாமியார் காலத்து வழக்கம். பார்டரில் ஒரு நூல் மாறினாலும் சந்திரிகா முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள். புடவையில் ஆரம்பித்த அந்தக் கணக்கு அப்புறம் ஃப்ரிட்ஜ், வளையல், வாட்டர் ஹீட்டர் என்று எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது.

போன வருஷம் மூத்த மருமகளான மாடி ஸ்வர்ணலதா, இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டாள். பாதியாக இளைத்தாள். மயிலாப்பூரில் ஒரு வளைகாப்புக்கு இருவரும் ஒரே புடவையில் போனபோது, யாரோ ஒரு அம்மாள் சந்திரிகாவைப் பார்த்து, "நீங்கதான் மூத்த மருமகளா?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

மறுநாளே சந்திரிகா நந்தனத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் அஃப்சருன்னிசா முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க அக்காவுக்குப் பண்ண அதே ஸ்லீவ்தான் எனக்கும் வேணும்."

"உங்களுக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல் ஜாஸ்திம்மா. ஸ்லீவ் பண்ணா இன்னும் மோசமாகும். இரைப்பையைச் சின்னப் பையாக்கி நேரா குடலோட இணைக்கிற பைபாஸ்தான் உங்களுக்குச் சரி. சர்க்கரையும் நல்லா இறங்கும். தள்ளிப்போடாதீங்க, அந்தக் கால் புண்ணே இன்னும் ஆறலை."

"அவங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா? ஸ்லீவ் இல்லேன்னா ஆபரேஷனே வேணாம்."

மகேஷ் கெஞ்சிப் பார்த்தான். ஸ்வர்ணலதாவே இறங்கி வந்து, "எனக்கு ஒத்துக்கிட்டது உனக்கும் ஒத்துக்கணும்னு இல்ல சந்திரிகா. டாக்டர் சொல்றதைக் கேளு" என்றாள்.

அதோடு சரி. தன்னைப்போல் நானும் அழகாகிவிடக் கூடாது என்றுதானே சொல்கிறாள் என்று சந்திரிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால் புண் பாட்டுக்குப் பெரிதாகிக்கொண்டே போனது.

இந்த லட்சணத்தில் ஸ்வர்ணலதாவுக்கு இரண்டாவது ஆபரேஷன்.

சந்திரிகா ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகவில்லை. "உடம்பு முடியலை" என்று சொல்லியனுப்பிவிட்டாள். ஸ்வர்ணலதா அடையாறில் தன் அண்ணன் வீட்டில் சில நாள் இருந்துவிட்டுத் திரும்பியபோதும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். அக்கா மெதுவாகப் படியேறினாள், கன்னம் ஒட்டியிருந்தது. சந்திரிகாவின் வயிறு எரிந்தது.

"நிஜமாவே பண்ணிக்கிட்டாளா, இல்ல சும்மா பீத்தலா?"

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. ஸ்லீவ் ஆபரேஷனுக்கு அப்புறமும் ஸ்வர்ணலதா விடாத ஒன்று, உளுந்து வடை. ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கொறிப்பாள். சந்திரிகா மொறுமொறுவென்று சுட்டு, சுடச்சுட மாடிக்கு அனுப்பினாள்.

தட்டு போனபடியே திரும்பி வந்தது. "ரெண்டு வாரத்துக்கு வெறும் கஞ்சித் தண்ணிதானாம்" என்றான் மகேஷ்.

மறுநாளும் அனுப்பினாள். மறுநாளும் அப்படியே வந்தது.

அன்று இரவு சந்திரிகாவுக்குத் தூக்கமே இல்லை. விடிந்ததும் கணவனை எழுப்பினாள்.

"டாக்டருக்கு ஃபோன் போடுங்க. எனக்கும் பைபாஸ்தான். சீக்கிரமா."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாள் காலையில் டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சர்க்கரை இப்போதே இறங்க ஆரம்பித்துவிட்டது என்றார்.

சந்திரிகாவுக்கு வேறு கவலை.

"டாக்டர், எங்க அக்காவுக்கு ஸ்லீவை மாத்திப் பண்ணீங்களே, அந்த பைபாஸ் ஒசத்தியா, என்னோடது ஒசத்தியா?"

டாக்டர் புரியாமல் பார்த்தார்.

"அவங்களுக்கா? அவங்க ஸ்லீவ் நல்லாத்தானே இருக்கு. அதை எதுக்கு மாத்தணும்? நான் பைபாஸ் பண்ணது உங்களுக்கு மட்டும்தான்மா."

டாக்டர் போய்விட்டார்.

சற்று நேரத்தில் ஃபிளாஸ்க்கும் கையுமாக ஸ்வர்ணலதா வந்தாள். கஞ்சித் தண்ணீரை வடிகட்டிக்கொண்டு வந்திருந்தாள். டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, ஆற்றி நீட்டினாள்.

சந்திரிகா டம்ளரை வாங்கவில்லை.

"ஏன்க்கா, உங்களுக்குத்தான் ஆபரேஷனே நடக்கலையே. அப்புறம் எதுக்கு ரெண்டு வாரம் வெறும் கஞ்சித் தண்ணியைக் குடிச்சுக்கிட்டுக் கெடந்தீங்க?"

ஸ்வர்ணலதா கட்டில் ஓரமாக உட்கார்ந்து, டம்ளரை அவள் உதட்டருகே கொண்டுபோனாள்.

"நீ அனுப்பின வடையை அன்னைக்கு நான் தின்னிருந்தா, இன்னைக்கு நீ இங்க வந்து படுத்திருப்பியா?"