கடைசிப் புள்ளி

பேருந்து நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் ஏணி மேல் நின்று ‘இங்கே விசில் அடிக்காதீர்’ என்று சுவரில் எழுதிக்கொண்டிருக்கிறார் பெயின்டர். எழுதிக்கொண்டே விசிலும் அடிக்கிறார். சன்னல் வெயிலில் சிவப்பு எழுத்துகள் ஈரமாக மின்னுகின்றன. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாளின் செருப்பு அந்த மெட்டுக்குத் தரையைத் தட்டுகிறது. ஏணியை உலுக்காத குறையாகக் கீழே நிற்கிறார் மேலாளர். “என்ன எழுதறோம்னு தெரிஞ்சுதான் விசிலடிக்கறீங்களா?” “தெரியும் சார். விசில் நின்னா எனக்குக் கை கோணிடும்.” “அப்புறம் இந்த எழுத்தை எவன் மதிப்பான்?” பெயின்டர் பிரஷ்ஷைக் கடைசி ‘ர’வின் தலைக்கு மேல் நிறுத்துகிறார். “இன்னும் புள்ளி வெக்கல சார். வெச்சதும் நிறுத்திடறேன்.” மேலாளர் அந்தப் புள்ளிக்காக அண்ணாந்து நிற்கிறார். பிரஷ் அசையவில்லை. பெயின்டர் நிதானமாக இரண்டாவது சரணத்தைத் தொடங்குகிறார்.