ஊதா ரிப்பனின் அம்மா

“நாங்க ஒண்ணும் பாப்பா இல்ல மிஸ்” என்றது முன்வரிசையில் பல் விழுந்திருந்த வாண்டு ஒன்று.

“தெரியும், பெரிய மனுசிங்கதான். இருந்தாலும் கொஞ்சம் தவழுங்க.”

முனகிக்கொண்டே எல்லாம் முட்டி போட்டன.

நடன மிஸ்ஸுக்கு இன்று இது மூன்றாவது வகுப்பு. குரல் பாதி போயிருந்தது. இடுப்பு அதன் பாட்டுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது, கேட்க நேரமில்லை.

பாட்டுப் போடுவதற்கு முன்னால் எப்போதும் இந்த வரிசைதான். முதலில் மூச்சு. அப்புறம் தொப்புளை நோக்கிச் சுருண்டு, நட்சத்திரம் மாதிரி விரிவது. தலையிலிருந்து முதுகெலும்பின் நுனிவரை ஒரு நெளிவு. கை மட்டும், கால் மட்டும். பிறகு ஒரே பக்கத்துக் கையும் காலும் சேர்ந்து நகரும் ஒட்டக நடை. கடைசியில் தவழல்: வலது கையோடு இடது முட்டி, இடது கையோடு வலது முட்டி.

பிறந்த முதல் வருடத்தில் உடம்பு தானாகப் பழகிக்கொள்ளும் வரிசை அது. அது உள்ளே படிந்துவிட்டால் ஆட்டம் தானாக அதன்மேல் வந்து உட்காரும் என்பது அவள் கட்சி.

பெற்றோர் கட்சி வேறு. “தவழ்றதுக்கு எங்க வீட்டிலேயே தரை இருக்கே மிஸ்” என்று போன வாரம்கூட ஒரு அப்பா சிரித்துக்கொண்டே குத்தினார். அவளும் சிரித்துவைத்தாள்.

கூடம் முழுக்க உள்ளங்கைச் சத்தம்.

பார்க்கக் கூடாது என்று நினைத்தும் கண் அங்கேதான் போனது. ஊதா ரிப்பன் கட்டிய பிள்ளை.

வலது கை, வலது முட்டி. நின்றது. யோசித்தது. இடது கை, இடது முட்டி. மறுபடியும் ஒட்டகம்.

மற்றதுகள் சுவரைத் தொட்டுத் திரும்பிவிட்டன. அது மட்டும் நடுக்கூடத்தில் தன் கைகளையே, வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது.

ரிப்பன் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவசரத்தில் கட்டியது. அந்த அம்மாவுக்கு எல்லாமே அவசரம்தான்.

ஒரு குழந்தை இப்படித் தொடர்ந்து திணறினால், அதன் அம்மாவைக் கதவோரம் நிறுத்திச் சொல்லிவிடுவது மிஸ்ஸின் வழக்கம். சொல்லிச் சொல்லி வார்த்தைகள்கூட வழவழப்பாகிவிட்டன. பயப்பட ஒண்ணுமில்ல, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிருங்க, சீக்கிரம் பாத்துட்டா நல்லது. ஒருத்தி அங்கேயே அழுதாள். ஒருத்தி சண்டைக்கு வந்து, மறுநாளே பிள்ளையை நிறுத்திவிட்டாள்.

இந்த அம்மாவிடம் மட்டும் வாய் வரவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போகிறது.

லேசில் ஒத்துக்கொள்கிற பேர்வழி இல்லை. சாயங்காலமெல்லாம் வேலை என்று பிள்ளையை வாக்கரில் போட்டு வளர்த்தவள். மகள் தவழாமலே எழுந்து நடந்துவிட்டாள் என்று அதையே பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தவள். சட்டைப் பொத்தான் போட வரவில்லையா, சோம்பல். படியில் தடுமாறுகிறதா, பராக்கு. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். வளர வளரச் சரியாகிவிடும் என்பது கடைசிப் பதில்.

மிஸ் பக்கத்தில் போய் முட்டி போட்டாள். அந்தச் சின்னக் கையையும் எதிர்ப்பக்கத்து முட்டியையும் பிடித்து ஒன்றாக நகர்த்தினாள். பிடித்திருக்கும்வரை வந்தது. விட்டதும் ஒட்டகம்.

“சரியா மிஸ்?”

வகுப்புக்குள் அவள் எல்லாருக்கும் மிஸ்தான். அந்தச் சட்டத்தில் யாருக்கும் சலுகை கிடையாது.

“நல்லா பண்ற” என்றாள். முதுகு வலித்தது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

பாட்டு ஓடியது. ஆடின. முடிந்தது.

வாசலுக்கு அம்மாக்கள் வந்தார்கள். செருப்புக் குவியல் கரைந்தது. ஒன்று தண்ணீர் பாட்டிலை மறந்து, ஓடிவந்து எடுத்துப் போனது. கடைசி வண்டியின் சத்தமும் தெருமுனையில் திரும்பி ஓய்ந்தது.

மிஸ் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக அணைத்தாள்.

ஊதா ரிப்பன் மட்டும் நின்றுகொண்டிருந்தது. ஒரு கையில் மிஸ்ஸின் கைப்பை. இன்னொரு கையில் கூடத்துச் சாவி.

“மிஸ், எல்லாரும் போயாச்சு. இப்ப அம்மான்னு கூப்பிடலாமா?”

மிஸ் சாவியை வாங்கிக்கொண்டாள். கதவோரம் நடந்தாள். வழக்கமாகத் தான் நிற்கும் இடத்தைத் தாண்டி, அம்மாக்கள் நிற்கும் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

“கூப்பிடு.”