இரண்டாவது ரிங்

ரீசார்ஜ் கடையில் அவள் தன் பட்டன் போனை நீட்டினாள்.

சிலிண்டர் கொண்டுவந்த கேஸ்காரர் கேட்ட ஓடிபி வரவில்லை. அதுதான் புகார்.

கடைக்கார ஜெபராணி போனை வாங்கிப் பார்த்தாள்.

"பேக் முடிஞ்சு அம்பது நாளாச்சு மதினி. வாற போனும் வராது, மெசேஜும் வராது."

"வாற போனுக்கு எதுக்குத் துட்டு?"

"அதெல்லாம் அந்தக் காலம்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐம்பது நாள்.

தினமும் மாலை ஆறுக்கு அக்கா ஒரு ரிங் கொடுத்து வைத்துவிடுவாள். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். பதிலுக்கு இவள் ஒரு ரிங். நிமிடத்துக்கு ஒரு ரூபாய் பிடித்த நாளில் தொடங்கிய சிக்கனம். இப்போது நாள் முழுக்கப் பேசினாலும் பேக்கில் அடக்கம்தான். பழக்கம் போகவில்லை. இருவரும் எடுத்ததே இல்லை.

வைகாசியில் அக்கா மகன் கல்யாணம். எல்லோரையும் பந்திக்குக் கூப்பிட்ட அக்கா, கூடப்பிறந்தவளைக் கூப்பிட மறந்துவிட்டாள். இவள் பட்டினியாக பஸ் ஏறினாள்.

மறுநாள் பேக் முடிந்தது. இனி யாருக்கு மிஸ்டு கால் என்று விட்டுவிட்டாள்.

ஆனாலும் ஆறு மணியானால் போனைப் பார்ப்பாள். அடிக்காது. அக்கா தன்னைத் தலைமுழுகிவிட்டாள் என்று எத்தனை நாள் அழுதிருக்கிறாள்! தானாகக் கூப்பிடவும் மனம் வரவில்லை. வீம்பில் இவளை மிஞ்ச ஒரே ஆள்தான் உண்டு. அது அக்கா.

"போட்டாச்சு மதினி."

அவள் கிளம்பவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் ஆறு ஆனது. ஆறு ஐந்தும் ஆனது.

போன் அடிக்கவில்லை.

பதிலே வராத நம்பருக்கு எத்தனை நாள்தான் அடிப்பாள், பாவம்.

முதல்முறையாக அவளே முந்தினாள். ஒரு ரிங். வைத்துவிட்டாள்.

உடனே போன் அடித்தது.

அக்கா நன்றாக இருக்கிறாள். அது போதும். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பையில் வைக்கப் போனாள்.

ரிங் நிற்கவில்லை.

இரண்டு.

மூன்று.

"எடுங்க மதினி, கட்டாயிரும்!"

பச்சைப் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு குரல்.

"ஏட்டி, சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."