அஞ்சு கிலோ செம்பு

“மோட்டாரைக் கட்டிட்டீங்க, சரி. பழைய செம்பு எங்கீங்க?”

மாது கேட்டதும் மரியசூசை கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பாப்பிரெட்டிப்பட்டியில் இருபது வருஷமாக மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். எரிந்த மோட்டாரைப் பிரித்தால் வருகிற பழைய கம்பி மோட்டார்க்காரருக்குத்தான் சொந்தம். கேட்பதற்கு முன்பே மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிடுவார்.

இன்று தடுமாறினார்.

“அது... எரிஞ்சி போச்சுங்க.”

“எரிஞ்சதாலதான உங்ககிட்ட கொண்டாந்தேன்? கம்பி எங்கே?”

“முழுசா எரிஞ்சி போச்சுங்க. ஒண்ணும் மிஞ்சல.”

கடை வாசலில் நின்றிருந்த நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். எரிந்து சாம்பலாக, செம்பு என்ன சருகா?

மாதுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய சோலார் பம்ப் நின்று பன்னிரண்டு நாளாகிறது. மஞ்சள் பயிர் வாடிக் கிடக்கிறது. செம்புக் கம்பி இன்னும் வரவில்லை என்று இந்த ஆள் தினமும் ஒரே பாட்டைப் பாடினார்.

“இருக்கிற செம்பெல்லாம் சோலாருக்கும் பேட்டரி வண்டிக்கும் போவுதுங்க. வெயிலு சும்மா கெடைக்குது. அதை வெச்சித் தண்ணி எறைக்கச் செம்பு வேணுமே, அது சும்மா கெடைக்குதா?” என்று வியாக்கியானம் வேறு.

இப்போதல்லவா புரிகிறது! இந்தத் தட்டுப்பாட்டில் அஞ்சு கிலோ செம்பு கைக்கு வந்தால் யாருக்குத்தான் திருப்பிக் கொடுக்க மனசு வரும்?

“யோவ், வர்ற வியாழக்கிழமை எம் பொண்ணு நிர்மலாவுக்கு வளைகாப்பு. உனக்கும்தான பத்திரிகை வெச்சேன்? அந்தச் செம்பைப் போட்டு அவளுக்கு ஒரு செப்புக்குடம் எடுக்கலாம்னு இருந்தேன். அதுல போய் கை வெச்சிட்டியே!”

“குடத்துக்கு நான் காசு தர்றேங்க. சத்தம் போடாம வூட்டுக்குப் போங்க.”

“பார்த்தீங்களா, ஒத்துக்கிட்டான்!” மாது கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். “மேல மாதா படம், கீழ களவாணித்தனம்!”

மரியசூசை தலையைக் குனிந்துகொண்டார். அது போதாதா கூட்டத்துக்கு? “நெருப்பில்லாம புகையுமா?” என்றார் ஒருவர்.

மாது போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மாப்பிள்ளை குருவுக்கு நல்லம்பள்ளியில் இதே தொழில். போன வருஷம் இந்த மோட்டாரைக் கட்டியதே அவர்தான்; மோட்டாரை இறக்கிய அன்றே மாது அதை மரியசூசையிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தார். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறல்லவா, செம்பு விலையை முழுசாகக் கொடுத்துத்தான் மாது கட்டினார். வளைகாப்பு வேலையாக அலைகிறவரைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று இந்தத் தடவை சொல்லாமல் இங்கே கொண்டுவந்துவிட்டார்.

“மாப்ள, நம்ம மோட்டாருக்கு அன்னிக்கு எத்தனை கிலோ செம்பு போட்டீங்க?”

“ஏங்க மாமா? மோட்டாரைப் பிரிச்சிட்டாங்களா?”

“பிரிச்சாச்சு. இங்க ஒருத்தன் பழைய செம்பை முழுங்கிட்டு ஏப்பம் விடறான். எத்தனை கிலோ, சொல்லுங்க.”

குரு இரண்டு தடவை இருமினார்.

“அஞ்சு கிலோ இருக்கும் மாமா... வுட்ருங்க மாமா. போனாப் போவுது. பாவம், அவரு பொழைப்பைக் கெடுக்காதீங்க.”

மாதுவுக்குப் பெருமை தாங்கவில்லை. போனை அணைக்காமலே சட்டைப்பையில் போட்டார்.

“கேட்டீங்களா? அது மனுசன்! நீயும் அதே தொழில்தான பண்றே?”

சொன்ன வேகத்தில் மேசைக்கு அடியில் கையை விட்டு ஒரு சாக்கு மூட்டையை இழுத்தார். மூட்டையில் தொங்கிய அட்டையில் மரியசூசையின் கையெழுத்தில் ‘மாது’ என்று எழுதியிருந்தது.

“அவுக்காதீங்க... உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன், அவுக்காதீங்க!”

மாது தரையில் கொட்டினார்.

கருகிய கம்பிகள். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகிய இடமெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டினார். அதுவும் வெள்ளை. இன்னொன்று. அதுவும்தான்.

“அட, இது அலுமினியமாச்சே!” என்றார் கூட்டத்தில் ஒருவர். “அதான் ஒரு வருசத்துல எரிஞ்சிருக்கு.”

“அது வேற யாரோடதோங்க. அட்டை மாறிப் போச்சு,” என்றார் மரியசூசை அவசரமாக. பொய் சொல்ல வராத மனுஷன், மறுபடியும் முயன்று பார்த்தார்.

அப்போது மாதுவின் சட்டைப்பைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“மாமா... அன்னிக்குச் செம்புக் கம்பி எங்கயும் கெடைக்கலைங்க மாமா. நீங்களும் அவசரப்படுத்தினீங்க... நிர்மலாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா...”

மாது போனை அணைத்தார். வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் திடீரென்று வேலை ஞாபகம் வந்து ஒவ்வொருவராக நழுவினார்கள்.

“ஏங்க, மொதல்லயே சொல்லியிருக்கலாமே?”

“எப்படீங்க சொல்றது? வியாழக்கிழமை விசேசம். காலம் பூரா உங்க பொண்ணு அந்த வூட்லதான இருக்கணும்? என்னைத் திருடன்னா நாலு நாளைக்குப் பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க.”

மாதுவுக்கு வெட்கமாக இருந்தது. துக்கமாகவும் இருந்தது. கட்டி முடித்த மோட்டாரின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் மரியசூசையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“அந்தச் செம்பை நீங்களே திருடியிருக்கக் கூடாதாங்க?”