கடல் தெரியாத ஜன்னல்

கடலின் விலை மாதம் நாலாயிரம். ஜன்னலில் தெரிந்தால் வரி கட்டியே ஆக வேண்டும். ஏழடிக்கு மேலே வைத்த ஜன்னலுக்கு மட்டும் வரியில்லை என்றது சட்டம். உடனே மீனவக் குப்பத்து ஜன்னல்கள் எல்லாம் கூரையோரம் ஏறிக்கொண்டன. வெளிச்சம் வரும், கடல் வராது. அங்கேயும் யாராவது எட்டிப் பார்த்தால் சுவரிலுள்ள வரி மீட்டர் ஓடும்.

பழைய ஜன்னலை அடைத்துப் பூசிய அன்று செலஸ்டினாவின் புருஷன் ராயப்பன் சிரித்தான். "கடலை நான் தெனம் பாக்குறேன். வந்து சொல்றேன், உனக்கு ஓசி."

இன்று அவன் கடலில் இருக்கிறான். புயல் அடிக்கிறது. போன் வேலை செய்யவில்லை, வெளியே போகத் தடை. செலஸ்டினா காலி டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி எட்டிப் பார்த்தாள். மீட்டர் டிக்டிக்கென்றது.

"ஐயோ, ஓடுதுடி! எறங்கு!" டிரம்மைப் பிடித்திருந்த மாமியார் பதறினாள்.

"ஓடட்டும் அத்தை. படகுங்க வருது."

"நம்ம பச்சைப் படகு?"

செலஸ்டினா ஒவ்வொன்றாக எண்ணினாள். "அஞ்சு வந்துடுச்சு. பச்சை இல்ல."

மாமியார் டிரம்மை இறுக்கிப் பிடித்தாள். "எறங்காத. பாத்துக்கிட்டே இரு."

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கடலுக்குப் போன படகு ஆறு, வந்தது ஐந்து, பாக்கி ஒன்று.